துப்பாக்கி வாங்க யாரைக் கேட்க வேண்டும்? நாட்டுக்கு நாடு மாறும் சட்டம்

அமெரிக்காவில் எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தால், மறுநாள் காரைக்குடி டீக்கடைகளில் மூன்று பேச்சு தவறாமல் அடிபடும். அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் கடைக்குள் போய்க் காசைக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியோடு வெளியே வரலாம் என்பது ஒன்று. சுவிட்சர்லாந்தில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி, அங்கே கேட்பாரே கிடையாது என்பது இன்னொன்று. நம் நாட்டில் சொத்தும் செல்வாக்கும் உள்ளவருக்குத்தான் லைசென்ஸ் கிடைக்கும் என்பது மூன்றாவது. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சொல்லப்படும் விதத்தில் மூன்றுமே தவறு.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது வெறும் உலக நடப்பும் அல்ல. பிள்ளைகள் டல்லாஸிலும் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஐயா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று துணி சுற்றியபடி கிடக்கலாம். ஓரிடத்துச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்னோரிடத்தில் நடந்துகொண்டால் வழக்கில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

நாடுகளை ‘கடுமை’, ‘தளர்வு’ என்று வரிசையாக நிறுத்திப் பார்ப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. ஒரு நாடு துப்பாக்கி வாங்குபவரை விட்டுவிட்டுத் துப்பாக்கி வகையில் கெடுபிடி காட்டும். இன்னொன்று வகையைக் கண்டுகொள்ளாமல் ஆளைத் துருவித் துருவிப் பார்க்கும். எந்த நாட்டைப் பற்றிப் பேசினாலும் சில கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். காகிதம் ஆளுக்கா, துப்பாக்கிக்கா? அது உரிமையா, அனுமதியா? எந்த வகைத் துப்பாக்கி? எதற்காக? யார் சோதிக்கிறார்கள்? வாங்கிய பிறகு என்ன?

ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி. புத்தகமும்

பைக் வைத்திருப்பவரிடம் போலீஸ்காரர் இரண்டு காகிதம் கேட்பார். ஓட்டுநர் உரிமம் ஆளைப் பற்றியது. இவருக்கு வண்டி ஓட்டத் தெரியும், ஓட்டலாம் என்று அது சொல்கிறது. ஆர்.சி. புத்தகம் வண்டியைப் பற்றியது. இந்த எஞ்சின் எண் கொண்ட வண்டி இன்னாருடையது என்று அது சொல்கிறது. ஒன்று இருந்து மற்றது இல்லாமலும் போகலாம்.

துப்பாக்கிச் சட்டத்திலும் இதே இரண்டு உண்டு. ஆளின் தகுதியைச் சொல்வதை உரிமம் என்றும், எந்த எண்ணுள்ள துப்பாக்கி யாரிடம் இருக்கிறது என்று குறித்து வைப்பதைப் பதிவு என்றும் வைத்துக்கொள்வோம்.

அமெரிக்க மத்திய அரசு சாதாரணத் துப்பாக்கிகளுக்கு இரண்டையுமே கேட்பதில்லை. நாடு முழுவதற்குமான பதிவேடு ஒன்றை உருவாக்கவே கூடாது என்று 1986-இல் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். சில மாநிலங்கள் தாமாகவே உரிமம் கேட்கின்றன. இல்லினாய் மாநிலத்தில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கென்றே ஓர் அடையாள அட்டை உண்டு. கனடாவில் ஆளுக்கு உரிமம் கட்டாயம். ஆனால் சாதாரண வேட்டைத் துப்பாக்கிகளுக்கான மத்தியப் பதிவேட்டை 2012-இல் கலைத்துவிட்டார்கள். கைத்துப்பாக்கி போன்ற கட்டுப்பாடு உள்ள வகைகளுக்கான பதிவு மட்டும் தொடர்கிறது. நியூசிலாந்து பல ஆண்டுகள் ஆளுக்கு உரிமம் கொடுத்துவிட்டு, அவரிடம் எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்று பெரும்பாலும் கேட்காமலே இருந்தது. முழுப் பதிவேடு 2023 ஜூனில்தான் தொடங்கியது. இந்தியாவில் இரண்டும் ஒரே புத்தகத்தில். உரிமக்காரரின் புகைப்படமும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றாகவே இருக்கும்.

பைக்கோடு ஒப்பிடுவது இதற்கு மேல் உதவாது. பைக் எதற்கு என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் யாரும் கேட்பதில்லை. துப்பாக்கி விஷயத்தில் பல நாடுகளில் முதல் கேள்வியே அதுதான்.

உரிமையா, அனுமதியா?

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791-இல் வந்தது. வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-இல், ஹெல்லர் வழக்கில், தீர்ப்பளித்தது. அதனால் அங்கே கேள்வி தலைகீழ். எனக்கு ஏன் வேண்டும் என்று வாங்குபவர் சொல்ல வேண்டியதில்லை. இவருக்கு ஏன் கூடாது என்று அரசு காட்ட வேண்டும்.

இந்தியாவில் அப்படி ஓர் உரிமை அரசியலமைப்பில் இல்லை. 1878-இல் வெள்ளைக்காரர் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களை உரிமம் வாங்கச் சொல்லி, ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அதற்குப் பதிலாக வந்தது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். ஆளுக்கேற்ற அந்தப் பாகுபாடு போனது. முதலில் அனுமதி, பிறகுதான் துப்பாக்கி என்ற அடிப்படை அப்படியே நிற்கிறது. பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா எல்லாம் இதே வரிசைதான்.

உரிமை என்று எழுதிவிட்டாலே கையில் கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மெக்சிகோ அரசியலமைப்பின் 10-ஆம் பிரிவு வீட்டில் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. ஆனால் சட்டப்படி விற்பது ராணுவம் மட்டுமே. நெடுங்காலம் அந்த நாடு முழுவதற்கும் தலைநகரில் ராணுவ வளாகத்துக்குள் ஒரே ஒரு கடைதான் இருந்தது.

இதுவரை பார்த்தது: ஆளுக்கு உரிமம், துப்பாக்கிக்குப் பதிவு என்று காகிதம் இரண்டு வகை. சில நாடுகளில் இரண்டும் உண்டு, சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் இரண்டுமே இல்லை. ‘ஏன் வேண்டும்’ என்று குடிமகன் சொல்வதா, ‘ஏன் கூடாது’ என்று அரசு சொல்வதா என்பது அதற்கும் முந்தைய கேள்வி.

எந்த வகைத் துப்பாக்கி?

செய்திகளில் எல்லாமே ‘துப்பாக்கி’. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்து, ஒரே தோட்டாவிலிருந்து பல ரவைகள் சிதறிப் போவது ஷாட்கன். வங்கி வாசலில் காவலாளி பிடித்திருக்கும் இரட்டைக்குழல் இந்த வகைதான். குழலின் உட்புறம் மரை வெட்டியிருந்து, குண்டைச் சுழற்றித் தூரத்துக்கு நேராக அனுப்புவது ரைஃபிள். ஒரு கையில் அடங்கும் பிஸ்டலும் ரிவால்வரும் கைத்துப்பாக்கி. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போய், அடுத்தது தானாகவே வந்து நின்றால் அது அரைத் தானியங்கி. விசையைப் பிடித்திருக்கும்வரை சுட்டுக்கொண்டே இருந்தால் முழுத் தானியங்கி.

உலகெங்கும் ஷாட்கன்னுக்குச் சட்டம் கொஞ்சம் இளக்கம் காட்டும், கைத்துப்பாக்கிக்கு இறுகும். சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போகலாம் என்பதே காரணம். ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 1996-இல் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு, பிரிட்டன் 1997-இல் கைத்துப்பாக்கிகளைப் பெரும்பாலும் தடைசெய்துவிட்டது. வட அயர்லாந்து இதில் விதிவிலக்கு. ஷாட்கன்னுக்குப் பிரிட்டன் முழுவதும் இன்றும் சான்றிதழ் கிடைக்கும். ஆகவே ‘பிரிட்டனில் துப்பாக்கியே கிடையாது’ என்பதும் தவறுதான். ஆஸ்திரேலியாவில் அதே 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் இறந்தார்கள். அரைத் தானியங்கி ரைஃபிள்கள் பொதுமக்களுக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்டன. அரசே விலை கொடுத்துத் திரும்ப வாங்கியவை சுமார் 6.5 லட்சம். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச்சில் 51 பேர் கொல்லப்பட, ஒரு மாதத்துக்குள் அங்கேயும் அரைத் தானியங்கிகள் பெரும்பாலும் தடையாயின. கனடா 2022 அக்டோபரில் கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்திவைத்தது. அமெரிக்காவிலும்கூட 1986-க்குப் பிறகு தயாரான முழுத் தானியங்கிகளைப் பொதுமக்கள் வாங்க முடியாது. ‘அங்கே மெஷின் கன் கடையில் தொங்குகிறது’ என்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது அரைத் தானியங்கியைத்தான்.

இந்தியா குழலின் உள்விட்டத்தை வைத்தும் பிரிக்கிறது. அதைப் போர் என்பார்கள். 9 மி.மீ. பிஸ்டல், .303 ரைஃபிள் போன்றவை தடைசெய்யப்பட்ட போர். அவற்றுக்கு உரிமம் கொடுப்பது மத்திய அரசு, அதுவும் அரிதாக. மாவட்ட அளவில் கிடைப்பவை 12 போர் துப்பாக்கி, .32 ரிவால்வர், .315 ரைஃபிள் போன்றவை. இந்த 12 என்பது மில்லிமீட்டரும் அல்ல, அங்குலமும் அல்ல. அந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பது பழைய கணக்கு. அதனால்தான் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 20 போர், 12 போரைவிடச் சின்னது.

ஏர்கன் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் .177 அங்குலத்துக்கு மேற்படாமலும், குண்டு குழலைவிட்டு வெளியேறும்போது அதற்குள்ள ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் உரிமம் வேண்டாம். அதைத் தாண்டினால் வேண்டும். திருவிழாக் கடையில் பலூன் சுடுவதை வைத்து எல்லா ஏர்கன்னுக்கும் விலக்கு என்று நினைத்துவிடக் கூடாது.

எதற்காக வேண்டும்?

நாடுகள் ஒன்றுக்கொன்று மிக விலகி நிற்கும் இடம் இது. ‘என் பாதுகாப்புக்கு’ என்று இந்தியாவில் எழுதினால் அது சட்டம் ஏற்கும் காரணம். ஆபத்து மெய்தானா என்று விசாரிப்பார்கள். அதையே ஆஸ்திரேலியாவில் எழுதினால் விண்ணப்பம் அதோடு முடிந்தது. தற்காப்பு அங்கே ஏற்கத்தக்க காரணம் இல்லை. பண்ணை, வேட்டை, மன்ற உறுப்பினராகக் குறிபார்த்துச் சுடுதல் போன்றவைதான் செல்லும். ஜெர்மனியில் விளையாட்டுக்காக என்று சொன்னால் சுடும் மன்றம் ஒன்றில் 12 மாதமாவது உறுப்பினராகப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். 25 வயதுக்குக் கீழே இருந்தால் முதல் துப்பாக்கிக்கு மனநலச் சான்றும் கேட்பார்கள். சுவிட்சர்லாந்தில் விளையாட்டு, வேட்டை, சேகரிப்பு என்றால் தனியாகக் காரணம் விளக்க வேண்டாம், வேறு எதற்கென்றால் விளக்க வேண்டும். அமெரிக்கக் கடையில் நிரப்பும் படிவத்தில் இந்தக் கேள்வியே இல்லை.

பயிர்ப் பாதுகாப்பு சிவகங்கைச் சீமை விவசாயிகள் அடிக்கடி கேட்கும் காரணம். காட்டுப்பன்றி ஒரே இரவில் கடலைக் கொல்லையைக் கிண்டிப் போட்டுவிடுகிறது. வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்குப் பயிர்க்காவலுக்கென உரிமம் கொடுக்கச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. ஆனால் துப்பாக்கி உரிமம் வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு. இரண்டாவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. உரிமம் பெற்ற துப்பாக்கியால் மயிலைச் சுட்டாலும் குற்றம் குற்றமே. அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவருக்குப் புதிய துப்பாக்கி உரிமம் கொடுக்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் ஒப்புதல் முன்னதாகவே வேண்டும். திருப்பத்தூர் பக்கம் பறவைகள் சரணாலயமாக இருக்கும் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களைச் சுற்றி இருப்பவர்கள் விண்ணப்பம் ஏன் நகரவில்லை என்று புலம்புவதற்கு முன் இந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சோதிப்பது யார், எவ்வளவு நேரம்?

அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அடையாள அட்டையைக் காட்டி 4473 எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். ‘உண்மையில் வாங்குவது நீங்கள்தானா?’ என்பது அதிலுள்ள முக்கியமான கேள்வி. இன்னொருவருக்காக வாங்கிக்கொண்டு ‘நான்தான்’ என்றால் அதுவே குற்றம். கடைக்காரர் விவரத்தை 1998 முதல் இயங்கும் எஃப்.பி.ஐ.யின் உடனடிச் சோதனை முறைக்கு அனுப்புவார். கடுங்குற்றத் தண்டனை, குடும்ப வன்முறைத் தண்டனை, நீதிமன்ற ஆணையால் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது போன்றவை பதிவில் இருக்கின்றனவா என்று தேடுவார்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும். ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிக்கு 18 வயது, கைத்துப்பாக்கிக்கு 21.

ஓட்டை எங்கே? ஒன்று, மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் துப்பாக்கி வாங்கியது இப்படித்தான். பிறகு 2022-இல், 21 வயதுக்குக் கீழானவர்களுக்குத் தேவைப்பட்டால் பத்து வேலை நாள்வரை காத்திருக்கும்படி திருத்தினார்கள். இரண்டு, கடைக்காரர் அல்லாத தனிநபர் ஒருவர் தன் மாநிலத்திலேயே இன்னொருவருக்கு விற்றால் மத்தியச் சட்டம் இந்தச் சோதனையைக் கேட்பதில்லை. அதைப் பல மாநிலங்கள் தம் சட்டத்தால் அடைத்திருக்கின்றன, பல அடைக்கவில்லை. எனவே ‘அமெரிக்காவில்’ என்று தொடங்கும் வாக்கியம் எதையும் முழுதாக நம்பாதீர்கள். கலிஃபோர்னியாவில் 10 நாள் காத்திருப்பும் பாதுகாப்புத் தேர்வும் உண்டு. நியூஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். டெக்ஸாஸில் மத்தியச் சோதனையோடு சரி.

காத்திருப்பு எதற்கென்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. கோபமும் விரக்தியும் தணிய அவகாசம் கொடுப்பது கொலையைத் தடுக்க மட்டுமல்ல.

இன்னொன்றை அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலரே அறிவதில்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ மத்தியச் சட்டம் தடை விதிக்கிறது. மாநில வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு, வேறு சில விலக்குகளும் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தத் தடை இல்லை.

பிரிட்டனில் சான்றிதழ் கொடுப்பது காவல்துறை. அதிகாரி வீட்டுக்கு வந்து இரும்பு அலமாரியைப் பார்ப்பார், குடும்ப மருத்துவரிடம் கேட்பார், நன்னடத்தைக்கு உறுதி சொல்ல ஆள் கேட்பார். சான்றிதழ் ஐந்தாண்டு செல்லும். கனடாவில் பாதுகாப்புப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம். அதோடு வாழ்க்கைத் துணையின் கையெழுத்துக்கும் படிவத்தில் இடம் உண்டு. அவர் போடாவிட்டால் அதிகாரிகளே அவருக்குத் தகவல் சொல்வார்கள். நமக்கும் வந்தால் தேவலை என்று சொல்லத் தோன்றும் விதி இது. வீட்டில் துப்பாக்கி வருவதை ஆச்சிமார் கடைசியாகத் தெரிந்துகொள்வதுதான் இங்கே வழக்கம்.

ஜப்பான் எல்லாவற்றுக்கும் மேலே. வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடுதளத் தேர்வு, மருத்துவர் சான்று, போலீஸ் நேர்காணல், சுற்றத்தாரிடம் விசாரணை எல்லாம் முடிந்தால் ஷாட்கன். ரைஃபிள் வேட்டைக்கு வேண்டுமென்றால் பொதுவாகப் பத்தாண்டு ஷாட்கன் வைத்திருந்த அனுபவம் வேண்டும். கைத்துப்பாக்கி பொதுமக்களுக்குக் கிடையாது என்றே சொல்லலாம். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் போலீஸ் பார்வையிடும். 2022-இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே கொல்லப்பட்டது கையால் செய்த துப்பாக்கியால். அதை ‘சட்டம் தோற்றது’ என்று சொல்வோர் உண்டு. வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டம், வாங்காமலே செய்துகொண்டவனைப் பிடிக்கும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

சுவிட்சர்லாந்துக்கு வருவோம். வீட்டில் இருக்கும் துப்பாக்கிகளில் கணிசமானவை ராணுவக் கடமைக்காக அரசே கொடுத்தவை. அவற்றுக்கான தோட்டாவை வீட்டில் வைக்கக் கொடுப்பது 2007-இல் நின்றது. கடையில் கைத்துப்பாக்கி வாங்க மாநில அரசிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், குற்றப் பதிவைப் பார்ப்பார்கள். விதிகளை இன்னும் இறுக்கும் திருத்தத்துக்கு 2019-இல் மக்களே வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள்.

சுருக்கமாக: அமெரிக்காவில் ஆவணத்தைத் தேடுகிறார்கள், பிரிட்டனிலும் ஜப்பானிலும் ஆளை நேரில் பார்க்கிறார்கள். முதலாவதுக்கு நிமிடங்கள் போதும், இரண்டாவதுக்கு மாதங்கள் ஆகும்.

இந்தியாவில் படிப்படியாக

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பம் போவது மாவட்டத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு, சென்னை மாநகரில் போலீஸ் கமிஷனருக்கு. முகவரி, அடையாளச் சான்றுகளோடு உடல்நலமும் மனநலமும் சரி என்ற மருத்துவர் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் சேர வேண்டும். பிறகு போலீஸ் விசாரணை. உங்கள் பேரில் வழக்கு இருக்கிறதா, அக்கம்பக்கத்தில் தகராறா, சொன்ன ஆபத்து உண்மையா என்று பார்ப்பார்கள். போலீஸ் அறிக்கை 30 நாளில் வர வேண்டும் என்று விதி சொல்கிறது. நடப்பில் விண்ணப்பம் கிடப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

மறுத்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும், மேல்முறையீடும் உண்டு. ‘சொத்து இல்லாதவருக்குக் கிடைக்காது’ என்ற பேச்சுக்குச் சட்டத்தின் 14-ஆம் பிரிவே பதில். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறது. ஆபத்தை நிரூபிக்கும் ஆவணம் பணக்காரரிடம் எளிதாகச் சேர்கிறது என்பது வேறு விஷயம்.

உரிமம் கிடைத்த பிறகுதான் கடை. உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கி, துப்பாக்கியின் எண்ணை உரிமப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். எத்தனை தோட்டா, எந்த எல்லைக்குள் கொண்டுபோகலாம் என்பதும் அதிலேயே இருக்கும். மாவட்ட எல்லைக்கான உரிமத்தோடு காரில் மதுரையைத் தாண்டிப் போனால் நிபந்தனை மீறல். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது (விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு). உரிமக் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டானது. திருமணம், திருவிழாவில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி வானத்தை நோக்கிச் சுட்டால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ரசீதில் எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள்.

ஐயாவின் துப்பாக்கி

வாங்கும் சட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள், வாங்காமலே கைக்கு வரும் துப்பாக்கியை மறந்துவிடுகிறார்கள். செட்டிநாட்டில் சிக்கல் அதிகம் இங்கேதான்.

உரிமம் ஐயா பேரில். அவர் இறந்த அன்றே அது முடிந்துவிட்டது. துப்பாக்கி வீட்டின் இரண்டாம் கட்டு அறை ஒன்றில். சாவி ஒரு பங்காளியிடம். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ‘துப்பாக்கி ஒன்று’ என்றுகூட எழுதியிருக்கலாம். அந்தப் பத்திரம் சொத்துரிமையைத்தான் மாற்றும். கையில் வைத்திருக்கும் அனுமதியைத் தராது. உரிமமில்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் இன்றைய சட்டப்படி இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை. யாரிடம் சாவி இருக்கிறதோ, யாருக்கு விவரம் தெரியுமோ, அவரைத்தான் முதலில் கேட்பார்கள். சிங்கப்பூரில் இருக்கும் பங்குதாரர் தப்பித்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஊர்க்காரர் மாட்டுவது இதனால்தான்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. துப்பாக்கியைத் தூக்கி காரில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டாம்; உரிமமில்லாமல் எடுத்துப் போவதும் குற்றமாகலாம். இறப்புச் சான்று, பழைய உரிமத்தின் நகல் இரண்டையும் இணைத்துக் காவல் நிலையத்துக்கு முதலில் எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் சொல்லும் முறையில் ஒப்படையுங்கள். உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் ஒப்படைக்கவும் 21-ஆம் பிரிவு வழி தருகிறது. ரசீதில் தயாரிப்பு, போர், எண், தோட்டாக்களின் எண்ணிக்கை நான்கும் இருக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் திரும்பப் பெறவோ விற்கவோ செய்யாவிட்டால் அரசுக்குப் போய்விடும்.

திரும்ப வேண்டுமென்றால் வாரிசுகளில் ஒருவர் தன் பேரில் உரிமம் கேட்க வேண்டும். வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். ஊரில் குடியிருக்கும் ஒருவர் விண்ணப்பித்தால்தான் போலீஸ் விசாரணை நகரும். இரண்டு என்ற உச்சவரம்பு பரம்பரைத் துப்பாக்கிக்கும் பொருந்தும். இதைவிட நல்ல வழி, உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுவது. உரிமக்காரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தான் குறிப்பிடும் வாரிசின் பெயருக்கு உரிமம் கோரலாம் என்று 2016 விதிகள் இடம் தருகின்றன. இதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. பெரியவரிடம் இந்தப் பேச்சை எடுக்கக் கூச்சப்பட்டே பலர் விட்டுவிடுகிறார்கள்.

‘அது பழம்பொருள், சட்டம் பொருந்தாது’ என்பார் ஒருவர். சட்டத்தில் விலக்கு இருப்பது மெய். ஆனால் பழசாகவோ பழுதாகவோ இருந்தால் மட்டும் போதாது, பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். துருவை எடுத்து ஸ்பிரிங் மாற்றினால் வேலை செய்யும் துப்பாக்கிக்கு அந்த விலக்கு இல்லை. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் மரத்தூணை விற்பதுபோல் அதை விற்கவும் முடியாது, பட்டறையில் கொடுத்துத் தாமாகவே அடைத்துவிடவும் வேண்டாம். எதைச் செய்வதானாலும் ஆட்சியர் அலுவலகம் வழியாகத்தான்.

உள்ளே தோட்டா இருக்கிறது என்றே எப்போதும் எண்ணிக்கொள்ளுங்கள். பழைய இரட்டைக்குழல்களில் சில, இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல்கள். குழலின் மேல் அலையலையாகக் கோலம் தெரியும். அவை கரிமருந்துக் காலத்தவை. இன்றைய தோட்டாவின் அழுத்தத்தில் வெடித்துக் கையைப் பறித்துவிடும்.

மற்ற நாடுகளில் மரபுரிமைக்கு வேறு வேறு வழி. பிரிட்டனில் உரிமக்காரர் இறந்தால் சொத்தை நிர்வகிப்பவர் போலீஸிடம் சொல்லித் தற்காலிக அனுமதி வாங்குகிறார். அமெரிக்க மத்தியச் சட்டம் உயிலின்படியோ வாரிசு முறைப்படியோ வரும் சாதாரணத் துப்பாக்கியைக் கடைச் சோதனை இல்லாமலே, வேறு மாநிலத்துக்குக்கூட, எடுத்துப்போக விடுகிறது. துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ள ஆளாக மட்டும் இருக்கக் கூடாது.

பெட்டியில் வரும் தோட்டா

டெக்ஸாஸில் நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய்வருவது அங்கே சாதாரணப் பொழுதுபோக்கு. திரும்பும்போது சட்டைப் பையிலோ முதுகுப் பையின் அடியிலோ ஒரு தோட்டா தங்கிவிடும். அதே பையோடு ஊருக்கு வந்துபோகும்போது மதுரையிலோ திருச்சியிலோ ஸ்கேனரில் அது தெரியும். இந்தியச் சட்டத்தில் தோட்டாவும் துப்பாக்கியைப் போலவே உரிமம் வேண்டிய பொருள். தெரிந்தேதான் வைத்திருந்தாரா என்று நீதிமன்றங்கள் பார்க்கின்றன. தெரியாமல் கிடந்த ஒற்றைத் தோட்டா வழக்குகள் பல அந்தக் காரணத்தால் ரத்தாகியும் இருக்கின்றன. ஆனால் அந்த உத்தரவு வரும்வரை பாஸ்போர்ட்டும் விடுமுறையும் வேலையும் தொங்கலில் நிற்கும்.

சிங்கப்பூர் வழியாக வருபவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் குறைந்தது ஐந்தாண்டுச் சிறையும் ஆறு பிரம்படியும். குற்ற நோக்கோடு சுட்டால் மரண தண்டனை. 1973 முதல் இருக்கும் சட்டம் அது. சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு எடுத்துவரும் பையை நிரப்புவதற்கு முன் எல்லாப் பாக்கெட்டையும் ஜிப்பையும் திறந்து கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். நினைவுக்காகக் கொண்டுவரும் வெறும் தோட்டா உறையையும் அங்கேயே விட்டுவிடுங்கள்.